குற்றம் கண்டால் யாரிடம் சொல்வது?



தோட்டத்தில் ஒருவர் தவறிவிட்டார் என்றால் அந்தச் செய்தி எப்படிப் பரவும் என்பது நமக்குத் தெரியாததல்ல. காலையில் குழாயடியில் தொடங்கும். மாலைக்குள் கடைசி லயம்வரை போய்விடும். எல்லாருக்கும் தெரிந்த பிறகு, கடைசியாகத்தான் அது சம்பந்தப்பட்டவரின் காதுக்கு எட்டும்.

இதற்கு நேர்மாறான ஒரு முறையைக் கிறிஸ்தவ வேதம் சொல்கிறது. மத்தேயு சுவிசேஷத்தின் 18-ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. தவறு செய்தவரிடம் முதலில் ஒருவராகத் தனியே போய்ப் பேச வேண்டும். அவர் கேளாவிட்டால் இன்னும் ஓரிருவரை அழைத்துச் செல்ல வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால்தான் சபையின் முன் வைக்க வேண்டும். ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இன்னொருவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது மோசேயின் காலத்துச் சட்டத்திலேயே உண்டு. சாட்சிகளை அழைத்துப் போகச் சொல்வது அதை ஒட்டித்தான்.

சபைப் பணத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவரின் கணக்கில் 200 வெள்ளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். “அண்ணே, கணக்கு இடிக்கிறதே, என்ன ஆயிற்று?” என்று அவர் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். கூட்டியதில் பிழை இருக்கலாம். பிள்ளையின் வைத்தியத்துக்கு எடுத்துவிட்டு, சொல்ல வெட்கப்பட்டுக் கொண்டிருக்கலாம். திருடியும் இருக்கலாம். எதுவானாலும் கேட்டால்தானே தெரியும்? கூட்டத்தோடு சேர்ந்து கத்துவதற்குத் தைரியம் தேவையில்லை. ஒருவரின் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்பதற்குத்தான் அது வேண்டும்.

ஆனால் எல்லாத் தவறையும் தனியே பேசித் தீர்க்க முடியாது. கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தியோகியாவில் நடந்ததைப் பார்ப்போம். அந்த ஊர் இன்று துருக்கி நாட்டில் இருக்கிறது. அங்கே யூதரும் யூதரல்லாதாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். பேதுருவும் அவர்களோடு உண்டார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்குப் பயந்து பேதுரு பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும், பர்னபா உட்பட, விலகினார்கள். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுலே இதைச் சொல்கிறார். ஊரறிய நடந்த அவமானத்தை ஊரறியத்தான் திருத்த வேண்டியிருந்தது. தனிப்பந்தி என்றால் என்ன, அது மனத்தை எப்படிச் சுடும் என்பதைத் தமிழராகிய நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கண்டிக்கப்பட்டவர் சாமானியர் அல்லர், சபையின் தலைவர்களில் ஒருவர் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். லயத்துக்காரருக்கு ஒரு நியாயம், மேசைக்காரருக்கு ஒரு நியாயம் என்று அங்கே இருக்கவில்லை.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெண்ணையோ பிள்ளையையோ ஒருவன் கெடுத்தால், பாதிக்கப்பட்டவரையே அவனிடம் தனியே போய்ப் பேசு என்று அனுப்புவது கொடுமை. “சபையின் பெயர் கெடும், மன்னித்துவிடு” என்று வாயை அடைப்பது அதைவிடக் கொடுமை. அதற்கு மத்தேயுவைச் சாட்சிக்கு இழுக்கக் கூடாது. அதே அதிகாரம் சிறுவருக்குக் கேடு செய்பவனைக் கடுமையாக எச்சரித்துவிட்டுத்தான் இந்த முறைக்கு வருகிறது. மலேசியாவில் சிறுவர்மீதான பாலியல் குற்றங்கள் குறித்து 2017-இல் வந்த சட்டப்படி, அத்தகைய குற்றத்தை அறிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே ஒரு குற்றம்.

இனி, கண்டிக்கப்பட்டவரின் கதி என்ன? கொரிந்து சபையில் தவறிய ஒருவரைப் பெரும்பாலோர் சேர்ந்து தண்டித்தார்கள். பவுல் தமது இரண்டாம் கடிதத்தில், தண்டித்தது போதும், இனி மன்னித்து ஆறுதல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவர் துக்கத்தில் மூழ்கிவிடுவார் என்ற கருத்தில் எழுதினார். பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். பணத்தைக் கட்டி முடித்துப் பத்து வருடம் ஆன பிறகும், “அந்த 200 வெள்ளிக்காரர்” என்றே ஒருவரை அழைப்பார்கள். அவருடைய மகனுக்குப் பெண் கேட்டுப் போனாலும் அந்தக் கதை முன்னால் போய் நிற்கும்.

அவர் மீண்டும் ஆராதனைக்கு வரும்போது பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுக்கலாம். அவர் வீட்டுச் சாவுக்கும் கல்யாணத்துக்கும் முன்போலவே போகலாம். ஆனால் பணப்பெட்டியின் சாவியை உடனே அவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. கொடுக்கும் காலம் வந்தாலும், இரண்டு பூட்டுப் போட்டு, இரண்டு பேரிடம் ஆளுக்கொரு சாவியாகக் கொடுத்து வைப்பது நல்லது. அவர் இல்லாத சபைகளிலும் அப்படியே செய்யலாம்.