கடைசி இடத்தில் வந்த முதல் வீரர்

1962-ம் ஆண்டு. ஸ்வீடன் நாட்டின் தலைநகர் ஸ்டாக்ஹோம்.

உலகச் செஸ் பட்டத்துக்குப் போகும் பாதையில் முக்கியமான ஒரு போட்டிக்கு 23 வீரர்கள் வந்திருந்தார்கள். தலைக்கு 22 ஆட்டங்கள். போட்டி ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. முடிவில் முதல் இடம், 19 வயதுகூட நிறையாத அமெரிக்க இளைஞர் பாபி பிஷருக்கு. கடைசி இடம் இந்தியாவிலிருந்து போயிருந்த மானுவேல் ஆரோனுக்கு.

பட்டியலை மட்டும் பார்த்தால் கதை இதோடு முடிந்தது. ஆனால் அதே போட்டியில் ஹங்கேரியின் போர்ட்டிஷும், கிழக்கு ஜெர்மனியின் உல்மனும் ஆரோனிடம் தோற்றார்கள். இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள்! கடைசியாக வந்தவர் கையால் அடி வாங்கியது அவர்களுக்கு எளிதில் மறந்திருக்காது.

இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் அவர். 1961-ல் அந்தப் பட்டம் கிடைத்தது.

பர்மாவில் பிறந்தவர்

ஆரோன் 1935-ல் பர்மாவில் டவுங்கூ என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது தமிழ்நாட்டில். பி.எஸ்ஸி. பட்டம் வாங்கியது அலகாபாத்தில். பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று, படித்த ஊர் இன்னொன்று. பிழைப்புக்காக வெளி மாநிலம் வந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல.

செஸ் ஆடிச் சம்பாதிக்கலாம் என்ற பேச்சே அந்தக் காலத்தில் கிடையாது. ஆரோன் குடும்பத்துக்குச் சோறு போட்டது வங்கி உத்தியோகம்தான்.

1960-ல் லைப்சிக் நகரில் நடந்த ஒலிம்பியாட் போட்டியில் அவர் எதிரே வந்து உட்கார்ந்தவர் மாக்ஸ் யூவே. 1935 முதல் 1937 வரை உலகச் சாம்பியனாக இருந்த டச்சுக்காரர். ஆரோன் அவரைத் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு தகுதிச் சுற்றில் ஆஸ்திரேலியாவின் செசில் பர்டியை வென்றார். பர்டியும் லேசான ஆள் அல்ல. தபால் கார்டில் காய் நகர்த்தி எழுதி ஆடும் தபால் செஸ்ஸில் முதல் உலகச் சாம்பியன் அவர். மங்கோலியாவின் மோமோவும் ஆரோனிடம் தோற்றார். ஸ்டாக்ஹோமுக்கு வழி இப்படித்தான் திறந்தது.

இதில் பெரிய சிரமம் ஒன்று உண்டு. நம் நாட்டில் அப்போது பல இடங்களில் ஆடப்பட்டது வேறு ஆட்டம். சிப்பாய் முதல் தடவையிலும் ஒரு கட்டம்தான் நகரும். ராஜாவுக்கு ‘செக்’ வராதவரை, ஒரே ஒரு தடவை குதிரை போலத் தாவலாம். திண்ணையில் தாத்தாவிடம் இப்படிக் கற்றவர்கள் நம்மில் இன்றும் இருப்பார்கள். ஆனால் ஐரோப்பியர்களோ முதல் பத்து, பதினைந்து நகர்த்தலையும் புத்தகத்திலேயே படித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாட்டு ஆட்டத்தில் பழகியவன் அங்கே போய் முதல் அரை மணியிலேயே மூச்சுத் திணற வேண்டியதுதான்.

பஞ்சாபிலிருந்து ஒரு சுல்தான்

அப்படித் திணறியும் ஜெயித்துக் காட்டிய ஒருவர் ஆரோனுக்கு முன்பே இருந்தார். மீர் சுல்தான் கான். பஞ்சாபில் மீட்டா டிவானா என்ற ஊர்க்காரர். சின்ன வயதில் தந்தையிடம் நாட்டு ஆட்டம் கற்றவர். 1928-ல் அகில இந்தியப் பட்டம் வென்றார். சர் உமர் ஹயாத் கான் என்ற பெரும் பணக்காரர் 1929-ல் அவரைத் தம்முடன் லண்டனுக்கு அழைத்துப் போனார்.

போன வருடமே சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933 இரண்டு ஆண்டுகளிலும் மறுபடி அவரே. ஹேஸ்டிங்ஸ் நகரில் 1930 கடைசியில் தொடங்கிய போட்டியில், உலகச் சாம்பியனாக இருந்த காபபிளாங்காவையே தோற்கடித்தார். ஆங்கில நூல்களைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வசதிகூட அவருக்கு இல்லை. எல்லாவற்றையும் பலகை முன் உட்கார்ந்து, அந்த நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அதே சர் உமரின் வீட்டைச் சேர்ந்த பாத்திமா என்ற பெண், 1933-ல் பிரிட்டிஷ் பெண்கள் பட்டத்தை வென்றார். ஒரே வீட்டுக்கு ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்கள்.

அந்த ஆண்டு கடைசியில் சர் உமர் ஊர் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். அவருடைய பெரிய ஆட்டம் அதோடு முடிந்தது. அழைத்துப் போனவர் திரும்பினால் கூடத் திரும்ப வேண்டியதுதானே! பிரிவினைக்குப் பிறகு அவர் ஊர் பாகிஸ்தானில் சேர்ந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, 1966-ல் காலமானார். பிள்ளைகளுக்கு அவர் செஸ் சொல்லித் தரவில்லை. வாழ்க்கையில் உருப்படியாக வேறு ஏதாவது செய்யுங்கள் என்றாராம்.

வங்கிக்காரர் திறந்த பள்ளி

ஆரோன் அப்படிச் சொல்லவில்லை. 1959 முதல் 1981 வரை ஒன்பது முறை தேசியச் சாம்பியன் ஆனார். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது பெற்ற முதல் ஆள் அவரே. ஆனால் கிராண்ட்மாஸ்டர் பட்டம் அவருக்குக் கடைசிவரை எட்டவில்லை. அவருக்குப் பிறகு இரண்டாவது சர்வதேச மாஸ்டராகத் தமிழ்நாட்டின் வி. ரவிகுமார் வருவதற்கே 1978 ஆகிவிட்டது. பதினேழு ஆண்டு ஒரு நாடு முழுவதற்கும் ஒரே ஒரு மாஸ்டர்!

அந்தப் பதினேழு ஆண்டில் அவர் சும்மா இருக்கவில்லை. சர்வதேச விதிப்படி ஆடுங்கள், புத்தகம் படியுங்கள், தொடக்க ஆட்டங்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஊர் ஊராகச் செஸ் குழுக்களை உருவாக்கினார். 1972-ல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தில் ‘டால் செஸ் கிளப்’ தொடங்கியதில் அவர் பங்கு பெரியது. சோவியத் சாம்பியன் மிகயில் டாலின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அந்தக் கிளப்புக்கு வந்த சிறுவர்களில் ஒருவர், 1969-ல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்த். அப்பா ரயில்வே அதிகாரி. முதலில் செஸ் சொல்லிக் கொடுத்தது அம்மா. 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, ஆரோனின் மாஸ்டர் பட்டத்துக்கு வயது 27. ஆனந்த் 2000 முதல் 2012 வரை ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற கதை வாசகர்களுக்கு மனப்பாடம்.

கிர்காம் சகோதரிகள்

மும்பை வாசகர்கள் பெருமைப்பட இங்கேயே ஒரு வீடு உண்டு. கிர்காமில் காடில்கர் பெயரில் ஒரு சாலையே இருக்கிறது. ‘நவாகாள்’ என்ற மராத்தி நாளிதழ் நடத்திய குடும்பம் அது. அந்த வீட்டுப் பெண்கள் வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி மூவரும் செஸ் வீராங்கனைகள். 1974-ல் முதன்முதலாகப் பெண்களுக்குத் தேசியப் போட்டி நடந்தபோது பட்டம் வாசந்திக்கு. அதன்பின் பத்தாண்டு காலம் அந்தப் பட்டம் வேறு வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காளும் தங்கையும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டார்கள்.

1976-ல் பதின்மூன்று வயது ரோகிணி, ஆண்களுக்கான தேசியப் போட்டியில் போய் உட்கார்ந்தார். பெண் எப்படி ஆடலாம் என்று பெரிய கூச்சல். விவகாரம் உலகச் செஸ் சம்மேளனம் வரை போனது. பெண்களைத் தடுக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார் அதன் தலைவர். அவர் வேறு யாருமல்ல. லைப்சிக்கில் ஆரோனிடம் தோற்ற அதே யூவே! ரோகிணி 1981-ல் ஐதராபாத்தில் ஆசியச் சாம்பியன் ஆனார். ஜெயஸ்ரீ பிற்காலத்தில் குடும்பப் பத்திரிகையின் ஆசிரியர் ஆனார்.

2024-ல் நடந்தவை

2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் சீனாவின் டிங் லிரனை வென்று உலகச் சாம்பியன் ஆனார். அவர் அப்பா டாக்டர். ஒரு காலத்தில் ஒரே ஒரு மாஸ்டர் இருந்த நாட்டில், 2025-ல் கிராண்ட்மாஸ்டர்களின் எண்ணிக்கை 85-ஐத் தாண்டிவிட்டது.

அதே 2024-ன் பிப்ரவரியில் உலகச் செஸ் சம்மேளனம் இன்னொரு காரியமும் செய்தது. இறந்து 58 ஆண்டு ஆன சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. அவர் சார்பில் அதைப் பாகிஸ்தான் பிரதமர் வாங்கிக்கொண்டார்.