முதல்ல குடோனைப் பாருங்க

நம்ம நாட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லைன்னா, கைக்காசுல பெரும்பங்கு டாக்டருக்குப் போறதில்லை, மருந்துக்குத்தான் போகுது. அதனால ஒரு மாநிலத்துல அரசு மருத்துவம் ஒழுங்கா நடக்குதான்னு பார்க்க, நான் ஆபரேஷன் தியேட்டருக்குப் போக மாட்டேன். மருந்து குடோனுக்குப் போவேன்.

தமிழ்நாட்டுல அந்தக் குடோன்களை நடத்துறது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994ல ஆரம்பிச்ச அரசு நிறுவனம். அரசு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் சேர்த்து டெண்டர் விட்டு மருந்து வாங்கும். மொத்தமா வாங்கினா விலை குறையும்னு மளிகைக் கடைக்காரருக்கே தெரியும், அதுல பெரிய அதிசயம் இல்லை. விஷயம் பாஸ்புக்ல இருக்கு. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒண்ணு; வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுத்துக்கலாம்னு கணக்கு இருக்கும். பாம்புக்கடி அதிகமா வர்ற ஊரா? அந்த மருந்தைக் கூடுதலா எடுத்துக்கலாம். என்ன வேணும்னு முடிவு பண்றது சென்னையில இருக்கிற அதிகாரி இல்லை, நோயாளியைப் பார்க்கிற டாக்டர்.

அடுத்தது தரம். குடோனுக்கு வந்த ஒவ்வொரு பேட்ச்லயும் மாதிரி எடுத்து, கம்பெனி பேரை மறைச்சு, வெறும் குறியீட்டு எண்ணோட ஆய்வகத்துக்கு அனுப்புவாங்க. யாரோட மருந்துன்னு சோதிக்கிறவருக்கே தெரியாது. பாஸானாதான் ஆஸ்பத்திரிக்குப் போகும்.

இதைப் பார்த்துக் கேரளா 2007ல தனக்குன்னு ஒரு கழகம் ஆரம்பிச்சுது. ராஜஸ்தான் 2011ல. அந்த வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி அங்க இலவச மருந்துத் திட்டம் வந்ததும், அரசு ஆஸ்பத்திரிக்கு வர்ற கூட்டம் கூடிடுச்சு. திடீர்னு நோய் பெருகிடுச்சா என்ன? சீட்டை வாங்கிட்டு வெளிக்கடையில காசு கொடுக்க முடியாதவங்க, அதுவரைக்கும் வராமலே இருந்திருக்காங்க.

அதுக்காக ஒரு மாநிலத்தோட ஆரோக்கியம் எல்லாமே குடோன் மகிமைன்னு சொன்னா கேரளாக்காரங்க சிரிப்பாங்க. 2020 கணக்குப்படி, பிறக்கிற ஆயிரம் குழந்தையில ஒரு வயசுக்குள்ள இறக்கிறது மத்தியப் பிரதேசத்துல 43, தமிழ்நாட்டுல 13, கேரளாவுல 6. ஆனா கேரளா அந்தக் கழகத்தை ஆரம்பிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே இதுல முன்னாடி நின்னுது. பெண்கள் படிச்சதுக்கு அதுல பெரிய பங்கு. தமிழ்நாட்டுலயும் பொதுச் சுகாதாரத்துக்குன்னே தனி இயக்குநரகம், 1939லயே தனிச் சட்டம்னு பழைய அஸ்திவாரம் இருக்கு. டெண்டர் விதியை இன்னொரு மாநிலம் ஒரு வருஷத்துல காப்பி அடிச்சிடலாம். அஸ்திவாரத்தை அப்படி அடிக்க முடியாது.

உங்க ஊர் அரசு ஆஸ்பத்திரியில டாக்டர் எழுதின சீட்டுல எத்தனை மருந்து உள்ளேயே கிடைச்சுது, எத்தனை வெளியில வாங்கச் சொன்னாங்க? ஊர் பேரோட கமெண்ட்ல போடுங்க.