அயலவர் ஆலோசனையும் பிள்ளையின் நலனும்

பிள்ளை வளர்ப்பை எவரும் முதலில் நூல்களிலிருந்து கற்பதில்லை. தாயிடமிருந்தும் மாமியிடமிருந்தும், அம்மம்மாவிடமிருந்தும் உம்மும்மாவிடமிருந்தும், அதற்கு அடுத்தபடியாக அயல் வீட்டாரிடமிருந்துமே அது கற்கப்படுகின்றது. கிராமத்துத் தாய் சேய் நல நிலையத்தின் வாங்கில் கைக்குழந்தைகளுடன் தமது முறை வரும்வரை காத்திருக்கும் தாய்மாரின் பேச்சைச் சற்றுநேரம் செவிமடுத்தால் இதனை விளங்கிக்கொள்ளலாம். ஒரு குழந்தைக்கு வயிற்றுப் பொருமல் என்றால் நான்கு தாய்மார் நான்கு கைமருந்துகளைக் கூறுவர். இன்னொரு குழந்தை எடை குறைந்துள்ளது என்றால் என்ன தீத்தலாம் என்பதற்குப் பத்து யோசனைகள் கிடைக்கும். இவை அனைத்தும் நல்லெண்ணத்துடன் கூறப்படுபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் நல்லெண்ணத்துடன் கூறப்படுபவை எல்லாம் பிள்ளைக்கு நன்மை பயப்பவையா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் விடயமாகும்.

அயலவர் ஆலோசனையை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எமது நோக்கமன்று. இலங்கையில் தாய் சேய் நலம் அடைந்துள்ள முன்னேற்றத்தில் அதற்கும் பங்குண்டு. 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டதைத் தொடர்ந்து, வீடு தேடிச் செல்லும் மருத்துவ மாதுக்களின் சேவை நாடெங்கும் படிப்படியாக விரிவடைந்தது. 1945 இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 140 குழந்தைகள் ஒரு வயதை எட்டுமுன் இறந்தன. இன்று அத்தொகை பத்துக்கும் குறைவாகும். மருத்துவ மாது வீட்டுக்குள் வந்து கூறியதை அயலிலுள்ள ஒரு தாய் ஏற்று நடந்து, அதன் பயனை அடுத்த வீட்டுத் தாய்க்கு எடுத்துக் கூறியதனாலேயே அந்தச் செய்தி ஊருக்குள் வேரூன்றியது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுள் 82 சதவீதமானோர் தாய்ப்பாலை மாத்திரமே அருந்தினர். உலக நாடுகள் பலவற்றை விட இது மிக உயர்வானது. பால்மா விளம்பரங்களைத் தாண்டி இந்நிலை எட்டப்பட்டமைக்கு, தாய்க்குத் தாய் கூறிய ஊக்க வார்த்தைகளும் ஒரு காரணமெனலாம்.

எனினும் இன்றைய சூழ்நிலை முன்னரைப் போன்றதன்று. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டமை, 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை, 2009 வரை நீடித்த யுத்தம் ஆகியன வடக்கிலும் கிழக்கிலும் எண்ணற்ற குடும்பங்களைச் சிதறடித்தன. மூத்தோர் ஓரிடமும் இளையோர் வேறிடமுமாக வாழும் நிலை உருவாயிற்று. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தாய்மார் தொழில் தேடிச் செல்வதனால் பேத்தியாரிடம் வளரும் பிள்ளைகளும் உளர். மலையகத்தில் தாய் கொழுந்து பறிக்கச் செல்லும் வேளையில் பிள்ளைக் காம்பராவிலேயே பிள்ளையின் பகற்பொழுது கழிகின்றது. இத்தகைய நிலையில் அருகில் மூத்தோர் எவருமில்லாத இளந்தாய், முதலில் கேட்பவரின் சொல்லையே பற்றிக்கொள்கிறாள். கைத்தொலைபேசியில் வந்துசேரும், யார் கூறியதென்றே தெரியாத மருத்துவக் குறிப்புகளும் இதனுடன் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே கிடைக்கும் ஆலோசனைகளை வகைபிரித்து நோக்கும் பழக்கம் முன்னெப்போதையும் விட இன்று அவசியமாகின்றது.

எமது கருத்தில் இவ்வாலோசனைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தாயையும் சேயையும் ஆறுதற்படுத்துபவை. பிரசவத்தின் பின் நாற்பது நாட்கள் தாய்க்கு ஓய்வளித்தல், மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி சேர்ந்த சரக்குக் கறியும் பால்சுறா வறையும் சமைத்துக் கொடுத்தல், குழந்தையின் உடலுக்கு இதமாக எண்ணெய் பூசிக் குளிக்க வார்த்தல், தாலாட்டிப் பேசிச் சிரிக்கவைத்தல், பல் முளைக்கும்போது பல்லுக்கொழுக்கட்டை அவித்து உறவினரை அழைத்து மகிழ்தல் என்பன இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றினால் தீங்கில்லை என்பது மட்டுமல்ல, களைத்திருக்கும் தாய்க்கு இவை பெருந்துணையுமாகும். பத்தியம் என்ற பெயரில் பாலூட்டும் தாய்க்குத் தண்ணீரையும் மரக்கறியையும் பழங்களையும் மறுப்பது மாத்திரமே இங்கு கைவிடப்படவேண்டியது. பாலூட்டும் தாய்க்கு வழமையை விடக் கூடுதலான நீரும் உணவும் தேவை.

இரண்டாவது வகை, குழந்தையின் உடலுக்குள் எதையேனும் செலுத்தும்படி கூறுபவை. இங்கிருந்தே எச்சரிக்கை ஆரம்பமாக வேண்டும். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவுவது எமது சமூகங்கள் பலவற்றில் நிலவும் வழக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியாவின் வித்திகள், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கக்கூடும். வளர்ந்தோரின் குடல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. ஆதலால் முதலாண்டு நிறைவடையும்வரை தேன் கொடுக்கலாகாது என்பதே வைத்தியர்களின் அறிவுரை. முஸ்லிம் குடும்பங்களில் பேரீச்சம்பழத்தைக் கொண்டு நிறைவேற்றப்படும் தஹ்னீக்குக்கு இது முரணானதன்று. அதிலே பேரீச்சம்பழத்துக்குப் பதிலாகத் தேனைப் பயன்படுத்தாதிருப்பதும், மிகச் சிறிதளவே தடவுவதும், கைகளின் சுத்தத்தைப் பேணுவதுமே கவனத்திற் கொள்ளப்பட வேண்டியவை.

சீம்பால் எனப்படும் மஞ்சள் நிறமான முதற்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடும்படி கூறுவோர் இன்றும் உளர். நோயெதிர்ப்புப் பொருட்கள் செறிந்த அந்தப் பாலே குழந்தைக்குக் கிடைக்கும் முதற் பாதுகாப்பாகும். ஆறு மாதம் நிறைவடையுமுன் சீனித் தண்ணீரோ கொத்தமல்லித் தண்ணீரோ கொடுப்பது, சிறிய வயிற்றில் பாலுக்குரிய இடத்தைப் பறிப்பதுடன் கிருமிகளுக்கும் வழிதிறக்கின்றது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் ஆபத்தானது. மூக்கில் விட்ட எண்ணெய் சுவாசப்பையைச் சென்றடைந்து நியூமோனியாவை ஏற்படுத்தக்கூடும். பிறந்த குழந்தையின் மார்பு சற்று வீங்கியிருந்தால் அதனைப் பிதுக்கும்படி கூறுவதும் தவறு. தாயின் ஹோமோன்களால் உண்டாகும் அவ்வீக்கம் தானாகவே வற்றிவிடும், பிதுக்கினாற் சீழ் பிடிக்கலாம். கண்ணுக்கு இடும் சுர்மா வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் அறியப்பட்டதாகும்.

ஆறு மாதத்தின் பின் ஊட்டும் உணவிலும் ஒரு தவறு பரவலாகக் காணப்படுகின்றது. கஞ்சித் தண்ணீர், பருப்புத் தண்ணீர் போன்ற நீர்த்த உணவுகளே குழந்தைக்குச் செமிக்கும் என்ற எண்ணமே அது. நீர்த்த உணவு வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்ப்பதில்லை. கரண்டியைச் சரித்தாலும் விரைவில் வழிந்துவிடாத அளவுக்குத் தடிப்பாக மசித்த சோறு, பருப்பு, கீரை, மீன், முட்டை ஆகியவற்றைப் படிப்படியாகப் பழக்குவதே முறையாகும். அதேவேளை கச்சான், றம்புட்டான் போன்றவற்றைச் சிறு பிள்ளைகளின் கையில் முழுதாகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். றம்புட்டான் விதை தொண்டையில் சிக்கிப் பிள்ளைகள் உயிரிழந்த செய்திகள் எமது நாட்டில் பலமுறை வெளிவந்துள்ளன.

மூன்றாவது வகையே மிகவும் பாரதூரமானது. வைத்தியசாலைக்குச் செல்வதைத் தாமதப்படுத்தும் ஆலோசனைகள் இவை. காய்ச்சலை உதாரணமாகக் கொள்வோம். 2017 இல் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர். அதன்பின்னரும் மழைக்காலங்கள் தோறும் அந்நோய் தலைதூக்குகின்றது. டெங்குக் காய்ச்சலில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையிலேயே ஆரம்பமாகின்றது. அப்பொழுதுதான் குருதியின் திரவப்பகுதி நாளங்களிலிருந்து கசியத் தொடங்கும். “காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை” என்று அயலவர் கூறும் அந்த நாளே கூடுதலாக அவதானிக்கப்பட வேண்டிய நாளாகும். வயிற்று நோ, தொடர் வாந்தி, சோர்வு, சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் தாமதம் கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளை எட்டுமாயின் இரத்தப் பரிசோதனை அவசியம். எடைக்கேற்ற அளவில் பரசிற்றமோல் தவிர, அஸ்பிரின், ஐபுபுரொபன், டைக்ளோபெனாக் போன்றவற்றைப் பிறர் கூறக்கேட்டுக் கொடுக்கலாகாது. இவை இரத்தப்போக்கை மோசமாக்கக்கூடியவை. பப்பாசி இலைச்சாற்றை நம்பி வீட்டில் தங்கியிருப்பதனால் பறிபோவது நேரமேயாகும்.

வயிற்றோட்டத்தின்போது பாலையும் உணவையும் நிறுத்தி வெறுந்தேநீர் மாத்திரம் கொடுக்கும்படி கூறுவதும் இத்தகையதே. பிள்ளையைக் கொல்வது வயிற்றோட்டமன்று, அதனால் ஏற்படும் நீரிழப்பே. ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு பக்கெற் ஜீவனியை முழுதாகக் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுப்பதுடன், தாய்ப்பாலையும் வழமையான உணவையும் தொடர வேண்டும். சோடாப் போத்தலில் ஊற்றிவைத்த மண்ணெண்ணெயைப் பிள்ளை குடித்துவிட்டால், உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தி எடுப்பிக்கும்படி கூடிநிற்போர் கூறுவர். வாந்தி வரும்போது அந்த எண்ணெய் சுவாசப்பையினுள் புகுவதே பேராபத்து. ஒன்றும் கொடுக்காமல் உடனடியாக வைத்தியசாலைக்கு எடுத்துச்செல்வதே செய்யவேண்டியது. வாகன வசதியற்றோர் 1990 என்ற இலக்கத்துடன் தொடர்புகொண்டு இலவச அம்பியூலன்ஸ் சேவையைப் பெறலாம். தீக்காயத்துக்குப் பற்பசை பூசுவதை விடுத்து, ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடங்கள் பிடிப்பதே முதலுதவியாகும்.

தடுப்பூசி தொடர்பான வதந்திகளையும் இவ்வகையிலேயே சேர்க்க வேண்டும். 1978 இல் ஆரம்பிக்கப்பட்ட விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டத்தின் பயனாக, 1993 இன் பின்னர் இந்நாட்டில் போலியோ நோயாளர் எவரும் இனங்காணப்படவில்லை. சின்னமுத்து நோய் ஒழிக்கப்பட்ட நாடாக 2019 இல் இலங்கை அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும் 2023 இல் அது மீண்டும் பரவியது. தடுப்பூசி தவறவிடப்பட்ட இடத்தில் நோய் நுழைவதற்கு நீண்ட காலம் தேவையில்லை என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இத்தனை தெளிவுக்குப் பின்னரும் தவறான ஆலோசனைகள் நிலைத்திருப்பது ஏன்? “என் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே” என்ற வாதத்தின் வலிமையே காரணம். பிள்ளைகளுக்கு வரும் நோய்களிற் பெரும்பாலானவை தாமாகவே மாறிவிடுகின்றன. எந்தக் கைமருந்தைக் கொடுத்திருந்தாலும் அப்பிள்ளை குணமடைந்திருக்கும், ஆனால் பெருமை கைமருந்துக்கே போய்ச்சேரும். அதே மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய், கிளினிக் வாங்கில் அமர்ந்து ஆலோசனை கூற வருவதில்லை. எனவே நம் காதுக்கு எட்டுபவை தப்பிப் பிழைத்தோரின் கதைகள் மாத்திரமே. ஒரு பிள்ளையின் அனுபவம் இன்னொரு பிள்ளைக்கு அளவுகோலாகாது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பிள்ளைகளை ஒப்பிடும் வழக்கமும் இதனோடு தொடர்புடையது. “என் மகன் பத்து மாதத்தில் நடந்தான், உன் பிள்ளை இன்னும் தவழ்கிறதே” என்ற ஒரு வார்த்தை இளந்தாயின் உறக்கத்தைக் கெடுத்துவிடும். ஒரு வயதுக்கு முன் நடக்கும் பிள்ளையும் உண்டு, சில மாதங்கள் பிந்தி நடக்கும் பிள்ளையும் உண்டு. எடையைப் பொறுத்தவரையில் அயல் வீட்டுப் பிள்ளையன்று, சொந்தப் பிள்ளையின் வளர்ச்சிக் கோடே பார்க்கப்பட வேண்டியது. அது மாதாமாதம் மேல்நோக்கிச் செல்கின்றதா, படுத்துவிட்டதா, இறங்குகின்றதா என்பதே முக்கியம். கோடு படுத்தால் குடும்பநல உத்தியோகத்தரை நாட வேண்டும்.

சுகாதாரத் துறையினருக்கும் இங்கு ஒரு கடமையுண்டு. எடை குறைந்த பிள்ளையைக் கொண்டுவந்த தாயைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டால், அடுத்த முறை அவள் கிளினிக்குக்கு வருவதற்குப் பதிலாக அயல் வீட்டுக்கே செல்வாள். அவளது மொழியில், அவளது வழக்கங்களை இழிவுபடுத்தாது, எதைத் தொடரலாம் எதை விடவேண்டும் எனப் பொறுமையுடன் விளக்குவோரின் வார்த்தையே வீட்டுக்குள் செல்லும். தந்தையரும் இதனைப் பெண்களின் காரியம் என ஒதுக்கிவிடாது, கிளினிக் நாட்களில் ஒருமுறையேனும் உடன்செல்வார்களாயின், வீட்டில் மூத்தோரின் சொல்லுக்கும் வைத்தியரின் சொல்லுக்குமிடையில் தாய் தனித்துத் தத்தளிக்கும் நிலை குறையும்.

ஆலோசனை கேட்பவர் தம்மையே இரண்டு வினாக்கள் வினவிக்கொள்வது நன்று. இது பிள்ளையின் உடலுக்குள் எதையேனும் செலுத்துகின்றதா? இது வைத்தியசாலைக்குச் செல்வதைத் தாமதப்படுத்துகின்றதா? இரண்டுக்கும் விடை ‘இல்லை’ எனில் மனமுவந்து ஏற்கலாம். ஒன்றுக்கேனும் ‘ஆம்’ எனில் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ கேட்டறிந்த பின்னரே செயற்பட வேண்டும். ஆலோசனை கூறுபவருக்கும் பொறுப்புண்டு. தாம் அறிந்ததைக் கூறுமிடத்து, “எதற்கும் ஒருமுறை காட்டிக் கேட்டுக்கொள், நானும் உடன் வருகிறேன்” என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துக்கொள்வாராயின், அதனைவிடச் சிறந்த அயலவர் ஆலோசனை வேறில்லை.