சைக்கிளில் போய் வரிக்குதிரை பார்க்கலாம்!

ஆப்பிரிக்கக் காட்டு மிருகங்களைப் பார்க்க வேண்டுமா? "அதெல்லாம் பணக்காரர்களுக்குத்தான்" என்று பலர் சொல்லுவார்கள். அது பாதிதான் உண்மை.

கென்யா நாட்டில் மசாய் மாரா என்று ஒரு பெரிய வனம் இருக்கிறது. சிங்கங்களுக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே 2024-ம் ஆண்டு முதல் வெளிநாட்டார் ஒருவருக்கு ஒரு நாளைக்கு விதிக்கப்பட்ட நுழைவுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர்! இது உள்ளே நுழைவதற்கு மட்டும். ஜீப் வாடகை தனி. டிரைவர் கூலி தனி. தங்குவதும் சாப்பிடுவதும் தனி.

ஆனால் அதே கென்யாவில், வேனில் ஏறிப் போய், வாடகைச் சைக்கிளை மிதித்துக்கொண்டு, வரிக்குதிரையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்கக் கூடிய இடமும் இருக்கிறது. படகில் ஏறினால் பறவைக் கூட்டம். கரையில் நின்றால் நீர்யானை. அதுதான் நைவாஷா ஏரி.

"சபாரி" என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு ஜீப்பும் தொப்பியும் துப்பாக்கியும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அது ஸ்வாஹிலி மொழிச் சொல். அதற்குப் பொருள் "பயணம்" என்பதுதான். பயணத்துக்குப் பணக்காரன், ஏழை என்ற பேதம் உண்டா?

உப்பாகாத ஏரி

கென்யாவின் தலைநகரம் நைரோபி. அங்கிருந்து வடமேற்கே சுமார் 55 மைல் தூரத்தில் நைவாஷா இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 6,000 அடிக்கும் அதிகமான உயரம். பூமத்திய ரேகைக்கு அருகில் இருந்தும் இரவில் நன்றாகக் குளிரும். போர்வை இல்லாமல் போகிறவர்கள் பல் கிட்டித்து நடுங்குவார்கள்!

"நைவாஷா" என்பது மசாய் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. "கொந்தளிக்கும் நீர்" என்று அர்த்தம். காலையில் ஏரி கண்ணாடி போலக் கிடக்கும். பிற்பகலில் காற்று எழும்பினால் அலை புரளும். ஆகையால் படகில் போக விரும்புகிறவர்கள் காலையில் போவதே நல்லது.

இந்த ஏரியில் ஓர் அதிசயம் உண்டு. அக்கம்பக்கத்து ஏரிகளில் பல உவர் நீர் ஏரிகள். நைவாஷாவோ நன்னீர் ஏரி. மலேவா, கில்கில் என்ற ஆறுகள் இதில் வந்து விழுகின்றன. வெளியே போகும் ஆறு ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியானால் உப்புச் சேர வேண்டும் அல்லவா? சேரவில்லை! காரணம், நீர் பூமிக்கு அடியில் கசிந்து வெளியேறிவிடுகிறது. உப்பும் அதனோடு போய்விடுகிறது.

கப்பல் விமானம் இறங்கிய இடம்

ஒரு காலத்தில் ஆகாய விமானங்கள் இந்த ஏரி நீரிலேயே இறங்கின! 1937 முதல் 1950 வரை இங்கிலாந்துக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் இடையே சென்ற விமானப் படகுகள் நைவாஷாவில் நின்று போயின. அதில் வந்தவர்கள் பெரும் செல்வந்தர்கள்.

அதற்கும் முன்பே இங்கே ரயில் வந்துவிட்டது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரி வரை அந்தப் பாதையை 1896 முதல் 1901 வரை போட்டார்கள். போட்டவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட 30,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாபியர். சுமார் 2,500 பேர் அந்த வேலையில் மாண்டார்கள்.

இன்று கென்யாவின் சிறு ஓட்டலில் போய் "சாய்" என்று கேட்டால் தேநீர் வரும். "சப்பாத்தி" என்று கேட்டால் சப்பாத்தியே வரும்! இந்தச் சொற்கள் ஸ்வாஹிலி மொழியோடு கலந்துவிட்டன. "உகாலி" என்ற மக்காச்சோள மாவுக் களியும் கீரையும் அங்கே ஏழைகளின் சாப்பாடு. களி தின்று பழகியவர்களுக்கு அது புதிது அல்ல.

செலவு குறைவது எப்படி?

நைரோபியிலிருந்து நைவாஷாவுக்கு "மட்டாட்டு" என்ற வேன்கள் ஓடுகின்றன. ஆட்கள் நிறைந்ததும் புறப்படும். சாதாரண மக்கள் போகிற வண்டி. தனிக் கார் வாடகையோடு பார்த்தால் கட்டணம் மிகச் சொற்பம். ஏரியின் தென்கரையில் கூடாரம் அடித்துத் தங்கும் இடங்கள் உண்டு. சொந்தக் கூடாரம் கொண்டு போனால் இன்னும் மிச்சம்.

படகுக்கு மணிக்கணக்கில் வாடகை பேசுவார்கள். ஐந்தாறு பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொண்டால் தலைக்குக் கொஞ்சம்தான் வரும். ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். உயிர் காக்கும் மிதவைச் சட்டை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் கூடாது!

படகில் ஒரு காலை

இந்த ஏரியைச் சுற்றி 400 வகைக்கும் மேற்பட்ட பறவைகளைக் கண்டிருக்கிறார்கள். கூழைக்கடாக்கள் தோணி போல மிதக்கும். பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைக்கும். இலைகளின் மேல் தாமரைக்கோழி கால் நனையாமல் நடக்கும். ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் பெரிய நாரையும் உண்டு. கறுப்பும் வெள்ளையுமான மீன்கொத்தி ஒரே இடத்தில் அந்தரத்தில் படபடத்து நிற்கும். அது நம் ஊர்க் குளங்களிலும் இருக்கும் பறவைதான்.

எல்லாவற்றுக்கும் ராஜா மீன் கழுகு. தலையும் மார்பும் வெள்ளை. அது கூவினால் ஏரி முழுவதும் கேட்கும். படகோட்டி சீட்டியடித்து ஒரு மீனை எறிவார். கரையில் உள்ள மரத்திலிருந்து கழுகு பாய்ந்து வந்து, நீரைத் தொட்டும் தொடாமலும் மீனைக் கவ்விப் போகும். கண் இமைத்தால் தவறிவிடும்!

நரக வாசலில் உல்லாசம்

ஏரிக்குத் தெற்கே "ஹெல்ஸ் கேட்", அதாவது நரக வாசல் என்ற தேசியப் பூங்கா இருக்கிறது. 1984-ல் ஏற்படுத்தப்பட்டது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கென்யாவில் சைக்கிளிலும் கால்நடையாகவும் சுற்ற அனுமதிக்கும் சில பூங்காக்களில் இது ஒன்று. சைக்கிளை வாசல் அருகிலேயே வாடகைக்கு எடுக்கலாம். நுழைவுக் கட்டணமும் மசாய் மாராவை விட மிகக் குறைவு.

இரு பக்கமும் செங்குத்தான செம்பாறைகள். நடுவே மண் பாதை. பாதை ஓரத்தில் வரிக்குதிரைகள் மேய்கின்றன. மான்கள் தலை தூக்கிப் பார்க்கின்றன. ஒட்டகச்சிவிங்கி குறுக்கே நடக்கிறது. நடுவில் கண்ணாடியும் இல்லை, கம்பியும் இல்லை. பூமிக்கு அடியிலிருந்து வரும் நீராவியில் மின்சாரம் எடுக்கும் ஒல்காரியா நிலையங்களும் இங்கேதான். முதல் நிலையம் 1981-ல் ஓடத் தொடங்கியது.

இரண்டு எச்சரிக்கைகள். காட்டெருமையைக் கண்டால் கிட்டே போகக் கூடாது. மழைக் காலத்தில் குறுகிய பள்ளத்தாக்குக்குள் இறங்கக் கூடாது. 2019 செப்டம்பரில் அங்கே திடீர் வெள்ளம் வந்து 7 பேர் இறந்தார்கள். எங்கோ தூரத்தில் பெய்த மழை நொடியில் வந்துவிடும்.

சாது போலத் தோன்றும் எமன்

நீர்யானை பகலில் தண்ணீருக்குள் கிடக்கும். காது, கண், மூக்கு மட்டும் வெளியே தெரியும். இரவில் கரையேறிப் புல் மேயும். அதனால்தான் ஏரிக்கரைக் கூடாரங்களைச் சுற்றி மின்சாரக் கம்பி கட்டுகிறார்கள். அதற்கும் தண்ணீருக்கும் நடுவே மனிதன் நின்றால் தீர்ந்தது! 2018-ல் கரையில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டுப் பயணியை நீர்யானை தாக்கிக் கொன்றது.

பயணி ஒரு நாள் வந்து போகிறவர். மீனவர்கள் தினமும் அதே நீரில் இறங்க வேண்டியிருக்கிறது. மார்பளவு நீரில் நின்று வலை இழுக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நீர்யானை வேடிக்கைப் பொருள் அல்ல.

ஏரி யாருக்கு?

நைவாஷாவின் கரையில் பெரிய பூந்தோட்டங்கள் இருக்கின்றன. அங்கே பூக்கும் ரோஜா விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போகிறது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அதனால் கஞ்சி கிடைக்கிறது. ஆனால் ரோஜாவுக்கும் தண்ணீர் வேண்டும். மீனுக்கும் வேண்டும். மசாய்காரரின் மாட்டுக்கும் வேண்டும்.

2009-ல் மழை பொய்த்தது. ஏரி வெகுவாகச் சுருங்கியது. 2020-ல் நேர் மாறாக நீர் பெருகிக் கரையோரக் குடியிருப்புக்குள் புகுந்தது. வீடு இழந்தவர்களில் பலர் தோட்டத் தொழிலாளர்கள்.

இதற்கு ஒரு நல்ல வழியும் அங்கே கண்டிருக்கிறார்கள். ஆறுகள் பிறக்கும் மேட்டு நிலத்தில் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்கள் சரிவுகளில் புல் வரப்பு நட்டால் மண் கரைந்து ஏரிக்கு வராது. அதற்கு ஈடாக, கீழே நீர் எடுக்கிறவர்கள் அவர்களுக்கு உதவி கொடுப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். மேலே இருப்பவன் காத்தால்தான் கீழே இருப்பவன் பிழைப்பான் என்பது நம் ஏரிப் பாசனக்காரர்களுக்கும் தெரிந்த கணக்குத்தானே!

சிக்கனமாக வரும் பயணி கொடுக்கும் காசு சிறு தொகைதான். ஆனால் அது படகோட்டிக்கும், சைக்கிள் கடைக்காரருக்கும், சப்பாத்தி போடும் அம்மாளுக்கும் நேராகப் போகிறது. ஏரி இருந்தால் பறவை இருக்கும். பறவை இருந்தால் படகு ஓடும். படகு ஓடினால் அடுப்பு எரியும்.

ஆகவே போகிறவர்கள் பேரம் பேசலாம், தவறில்லை. ஆனால், "இன்னும் கிட்டே போ, நீர்யானையைப் படம் எடுக்க வேண்டும்" என்று படகோட்டியை வற்புறுத்த வேண்டாம். நாம் ஊர் திரும்பிவிடுவோம். அவர் நாளைக்கும் அதே ஏரியில் இறங்க வேண்டும்.