மடிக்கணினி வாங்குமுன்

பெல்மடுல்லவிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் வீதியிலே கொடகவெல என்னும் சிறு நகர் உள்ளது. அப்பகுதியின் மேடுகளிலும் சரிவுகளிலும் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. ஆதலால் அங்குள்ள தோட்டத்து வீடுகளில் இருவகைக் கத்திகளைக் காணலாம். ஒன்று தேயிலைச் செடியைக் கவ்வாத்துச் செய்யும் கத்தி; மற்றையது இறப்பர் மரத்திற் பால் வெட்டும் கத்தி. இரண்டும் இரும்பே, இரண்டும் கூரியவையே. ஆயினும், பால் வெட்டப் போகிறவர் எவரும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துச் செல்வதில்லை. பால் வெட்டும் கத்தி பட்டையை மெல்லிய சீவலாக எடுக்கும். கவ்வாத்துக் கத்தி மரத்தையே காயப்படுத்திவிடும். கத்தியைத் தேர்ந்தெடுப்பதில் இத்துணைத் தெளிவுள்ள நாம், மடிக்கணினி வாங்கப் புறப்படும்போது மாத்திரம் அத்தெளிவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். பிறரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. அவ்வாறு வைத்துவிட்டுப் போனவர்களுள் நானும் ஒருவன்.

என் தமக்கையின் மகள் கொடகவெலக் கடைத்தெருவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, 'கொமினிகேஷன்' என்று நம்மவர் வழங்கும் கடையொன்றை நடத்த எண்ணினாள். போட்டோப் பிரதி எடுத்தல், தமிழிலும் சிங்களத்திலும் கடிதங்களைத் தட்டச்சுச் செய்தல், படங்களை அளவாக்கி அச்சிடுதல், கலியாண அழைப்பிதழ்களை அமைத்துக் கொடுத்தல் ஆகியவையே அவள் செய்யவிருந்த தொழில். முதலாக இருந்தது, பல்லாண்டு கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அவள் தாயின் சேமலாப நிதி. ஓர் இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட விலையில் ஒரு மடிக்கணினியை வாங்கினோம். தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2024 ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி ஓர் இலட்சம் என்பது ஏறக்குறைய 74 நாட்களின் உழைப்பாகும். அத்தொகையை எண்ணிக் கொடுத்தபோது அருகில் நின்றவன் நான். கருவியைக் கையில் தூக்கிப் பார்த்து, "எவ்வளவு பாரமில்லாமல் இருக்கிறது!" என்று வியந்தவனும் நானே.

நாங்கள் அதனை விரும்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்த இருளின் நினைவு எங்கள் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. ஆகவே, மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையே கடைக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டோம். அவர் உண்மையையே கூறினார். மின்கலம் இன்றுவரை நன்றாகத்தான் உழைக்கிறது. என்ன தொழிலுக்கு வாங்குகிறோம் என்பதை நாங்களும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடை திறந்த முதல் வாரத்திலேயே இடர் தொடங்கியது. அச்சுப்பொறிக்குரிய மென்பொருளை ஏற்ற முயன்றபோது கணினி மறுத்துவிட்டது. அது 'எஸ் மோட்' எனப்படும் நிலையில் விற்கப்பட்ட விண்டோஸ் என்பது அப்போதுதான் தெரியவந்தது. அந்நிலையில் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இணையக் கடையிலுள்ள செயலிகளை மாத்திரமே ஏற்றமுடியும். பணம் கொடாமலே அதிலிருந்து வெளியேறலாம். வெளியேறியபின் மீண்டும் அந்நிலைக்குத் திரும்ப இயலாது. திரும்பவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை, வெளியேறினோம். ஆனால் அதற்குப் பின் வந்த இடருக்கு அவ்வாறான வாசல் இருக்கவில்லை. அதனை விளங்கிக்கொள்ளக் கணினியின் உள்ளே நிகழ்வதைச் சற்று அறிதல் வேண்டும்.

கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவள் விரல்களின் விரைவே கணினியின் செயலி. முதுகிலே தொங்கும் கூடையே நினைவகம். பறித்த கொழுந்தைக் கொண்டுசென்று சேர்க்கும் மடுவமே, கோப்புகள் நிலையாகத் தங்கும் சேமிப்பகம். கூடை சிறியதாயின் விரல்கள் எத்துணை விரைவுடையனவாயினும் பயனில்லை. அடிக்கடி மடுவத்துக்கு நடக்கவேண்டும். பாதையும் செங்குத்தானதாக இருந்துவிட்டால் பொழுதில் பெரும்பகுதி நடையிலேயே கழியும். கணினியிலும் இதுவே நிகழ்கிறது. நினைவகம் நிறைந்ததும், அதிலுள்ளவற்றிற் சிலவற்றைச் சேமிப்பகத்துக்கு அனுப்பி இடம் தேடுகிறது; தேவைப்பட்டதும் மீண்டும் அழைக்கிறது. நாங்கள் வாங்கிய கருவியின் கூடை 4 கிகாபைட். மடுவமோ 64 கிகாபைட், அதுவும் 'இ.எம்.எம்.சி.' எனப்படும் வேகங் குறைந்த வகை.

இந்த 4, 64 என்னும் எண்களை விண்டோஸ் 11 இற்கு வேண்டிய ஆகக்குறைந்த அளவுகளாக மைக்ரோசொப்ட் நிறுவனமே அறிவித்துள்ளது. ஆகக்குறைந்த அளவு என்பதன் பொருளை நாம் பெரும்பாலும் தவறாகவே கொள்கிறோம். இயங்குதளம் எழுந்து நிற்க வேண்டியதே அவ்வளவு. அது நமது வேலையைச் சுமந்துகொண்டு நடப்பதற்கு உரிய அளவன்று. அழைப்பிதழ் அமைக்க உதவும் போட்டோஷொப் மென்பொருளுக்கு மாத்திரம் 8 கிகாபைட் நினைவகமேனும் வேண்டும் என்று அதனை வெளியிடும் அடோபி நிறுவனம் கூறுகிறது. கலியாண அழைப்பிதழைத் திறந்துவைத்துக்கொண்டு, வேறொருவர் கொண்டுவந்த கடிதத்தையும் திறந்தால் எங்கள் கணினி அசையாது நின்றுவிடும். வாடிக்கையாளரோ பேருந்தைத் தவறவிடலாகாது என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சித்திரைமாதத்து அழைப்பிதழ் வேலைகள் பல அவ்வாண்டு பக்கத்துக் கடைக்குப் போயின.

கூடையை மாற்றலாமே என்று நேயர்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டோம். இரத்தினபுரியிற் கணினி திருத்தும் ஒருவர் பின்புறத்தைக் கழற்றிக் காட்டினார். நினைவகச் சில்லுகள் தாய்ப்பலகையிலேயே ஈயத்தால் ஒட்டப்பட்டிருந்தன, சேமிப்பகமும் அவ்வாறே. மெலிந்த கருவிகள் பலவற்றில் இன்று இதுவே வழக்கம். கையில் தூக்கி நான் வியந்த அந்தப் பாரமின்மைக்குக் கொடுத்த விலைகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய ஏமாற்றம் எளியோருக்கு மாத்திரம் உரியதன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2012 ஒக்டோபரில் 'சர்பேஸ் ஆர்.டி.' என்னும் கருவியை வெளியிட்டது. அழகிய கருவி, திரையும் வழக்கமான விண்டோஸ் திரை போலவே தோற்றமளித்தது. ஆயினும் அதன் செயலி வேறு குலத்தைச் சார்ந்தது. மக்கள் அதுகாறும் பயன்படுத்திவந்த விண்டோஸ் மென்பொருள்களை அதில் ஏற்ற முடியவில்லை. எதிர்பார்த்த அளவு விற்பனை நிகழாமையால் 2013 ஜூலையில் அந்நிறுவனம் 90 கோடி டொலரை நட்டமாக எழுதவேண்டியதாயிற்று. ஆப்பிள் நிறுவனமும் 2016 இல் தன் மக்புக் புரோ கணினிகளிலிருந்து பழைய இணைப்புத் துளைகளை நீக்கியது. படக்கலைஞர்கள் மெமரி அட்டையைச் செருக இடமின்றி வருந்தினர். 2021 இல் அத்துளைகளுட் சில மீண்டும் வந்து சேர்ந்தன. செய்பவர்களே வேலையைப் பிறழ உணரும்போது, வாங்குபவர் பிறழ்வது வியப்பன்று.

எங்கள் வீட்டிற் சில நாட்கள் மௌனம் நிலவியது. தமக்கை ஒரு சொல்லும் கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிதும் வருத்தமாயிருந்தது. இறுதியில் மருமகளே பேசினாள். "மிஷின்ல குத்தமில்ல மாமா. நாமதான் வேலையச் சொல்லாம வாங்கிட்டோம்" என்றாள். பின்னர் ஒரு பயிற்சிக் கொப்பியை எடுத்து, கடையில் ஒரு நாளில் எந்த மென்பொருளைத் திறக்கிறாள், ஒரே வேளையில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கின்றன, எத்தனை கருவிகளைக் கம்பியால் இணைக்கிறாள் என்பவற்றை ஒரு கிழமை முழுவதும் குறித்துவந்தாள். பழைய பாமினி எழுத்துருவில் அமைந்த கோப்புகளை எத்தனைபேர் கொண்டுவருகிறார்கள் என்பதும் அதில் இருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் வெறும் ஆங்கில எழுத்துக் குழப்பமாகத் தோன்றும் என்பதை அறிந்தவர் அறிவர்.

அந்தக் கொப்பியுடனேயே இரண்டாம் முறை புறப்பட்டோம். இம்முறை நாடியது பாவித்த கணினி. அதிலும் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் 10 இற்கு வழங்கப்பட்டுவந்த பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்கவேண்டுமாயின் இன்டெல் செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சார்ந்திருத்தல் வேண்டும். மலிவாகக் கிடைக்கும் பாவித்த கணினிகள் பல அதற்கு முந்தியவை. ஆகவே தலைமுறையைக் கேட்டோம். பின்புறத்தைக் கழற்றிக் காட்டுமாறும் கேட்டோம். கடைக்காரர் சற்று முகஞ்சுளித்தார், ஆயினும் காட்டினார். நினைவகம் செருகும் துளைகள் இரண்டு இருந்தன. ஒன்று வெறுமையாக இருந்தது. கனத்த, கறுத்த, அழகற்ற கணினி. மின்கலம் இரண்டு மணி நேரங்கூடத் தாங்காது. கடையிலோ மின்சாரம் இருக்கிறது. அது நின்றுபோனால் போட்டோப் பிரதி இயந்திரமும் நின்றுவிடும். மின்கலம் மாத்திரம் நீடித்து என்ன பயன் என்பதை நாங்கள் முதன்முறை எண்ணிப் பார்க்கவில்லை.

முதற் கருவியை விற்க முயன்றோம். கேட்கப்பட்ட விலை, கொடுத்த விலையின் பாதியைக்கூட எட்டவில்லை. ஆகவே அது பாடசாலைக்குச் செல்லும் அவள் தம்பியிடம் சேர்ந்தது. பாடக் குறிப்புகளை வாசிக்கிறான். கணக்குப் பாடங்களின் காணொளிகளைப் பார்க்கிறான். மழைக்காலத்தில் இலயத்து மின்சாரம் போனாலும் நெடுநேரம் படிக்கிறான். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடமில்லை என்று அறிவிக்கும் நாட்களில் மாத்திரம், தான் சேர்த்துவைத்த பாடல்களை அழிப்பதா, காணொளிகளை அழிப்பதா என்று தமக்கையிடம் வழக்காடிக்கொண்டிருப்பான்.