மையைச் சுடவைக்காத பிரிண்டர் சூடாவது ஏன்?

குழந்தைகளே! இங்க்ஜெட் பிரிண்டரில் வண்ணப்படம் அச்சாகி வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு சின்னப் பெட்டி 'சர்ர்... சர்ர்...' என்று இடமும் வலமும் ஓடுகிறதே, அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு துளையாலும் விநாடிக்குப் பல ஆயிரம் முறை மையைத் துப்ப முடியும். ஒரு துளியின் அளவு வெறும் சில பிக்கோ லிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் ஒரு பிக்கோ லிட்டர்!

இந்தத் துளியை வெளியே தள்ள இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, சூடு. 1977ஆம் ஆண்டு ஜப்பானில், கேனன் நிறுவன ஆய்வுக்கூடத்தில், சுடச்சுட இருந்த சால்டரிங் அயர்ன் தற்செயலாக ஓர் ஊசிக்குழலின் மேல் பட்டுவிட்டது. உள்ளே இருந்த மை சட்டென்று பீய்ச்சி அடித்தது. அதைக் கவனித்தவர்கள், மையை நொடிப்பொழுது சூடாக்கி, ஆவிக்குமிழி உண்டாக்கி, அந்தக் குமிழியால் துளியைத் தள்ளும் பிரிண்டரை உருவாக்கினார்கள்.

இரண்டாவது வழியில் மையைச் சூடாக்கவே வேண்டாம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் உண்டாகும் என்று 1880இல் பிரான்ஸ் நாட்டின் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். தலைகீழாகவும் நடக்கும்: மின்சாரம் கொடுத்தால் அந்தப் பொருள் இம்மியளவு நெளியும். இதற்கு 'பீசோ' விளைவு என்று பெயர். எப்சன் போன்ற நிறுவனங்களின் பிரிண்டர்களில், ஒவ்வொரு துளைக்கும் ஒரு பீசோ துண்டு இருக்கிறது. அது நெளிந்து, மையைப் பிதுக்கி விடுகிறது. பற்பசைக் குழாயை நாம் அமுக்குவது போலத்தான்.

அப்படியானால் இந்த இரண்டாவது வகை குளுகுளு என்றுதானே இருக்க வேண்டும்? அதுதான் இல்லை! மை சூடாவதில்லை, ஆனால் பீசோவுக்கு மின்சாரம் அனுப்பும் மின்சுற்று சூடாகிறது. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், பீசோ துண்டு தனக்கென்று மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் செலவழிக்கிறது. அது ஒரு மின்தேக்கி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் குடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்பினால் நிரம்பும், கவிழ்த்தால் காலியாகும். குடம் தண்ணீரைக் குடிப்பதில்லையே! பிறகு மின்சாரம் எங்கே போகிறது?

ஒரு வீட்டைக் கற்பனை செய்யுங்கள். 40 அடி உயரத்தில் மொட்டை மாடித் தொட்டி. முற்றத்தில் அடிப்பக்கம் மூடிய 40 அடிக் குழாய் நிற்கிறது. தொட்டித் தண்ணீரைக் குழாயில் ஊற்றுகிறோம். முதல் குடம் 40 அடி கீழே போய் 'தொப்'பென்று விழும். குழாய் நிரம்ப நிரம்ப விழும் உயரம் குறையும். கடைசிக் குடம் விழவே விழாது. சராசரி பார்த்தால் பாதி உயரம், அதாவது பாதி ஆற்றல், விழுவதிலேயே வீணாகிறது. பிறகு குழாயின் அடியைத் திறந்து தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் மீதிப் பாதியும் போயிற்று! மின்சுற்றில் இப்படி வீணாவது வெப்பமாக மாறுகிறது.

"சார், மெதுவாக ஊற்றினால்?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. மின்சுற்றில் டிரான்சிஸ்டர் என்ற குழாய்த்திருகு அப்படித்தான் பாதி திறந்து, மெல்ல மெல்ல மின்சாரத்தை விடுகிறது. ஆனால் தடுத்து நிறுத்திய வேகமெல்லாம் அந்தத் திருகிலேயே சூடாக இறங்கிவிடும். வீட்டில் பழைய காலத்துப் பெரிய ஃபேன் ரெகுலேட்டர் இருந்தால் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஃபேனை மெதுவாக ஓட விட்டால் அந்தப் பெட்டி கொதிக்கும். அதே சங்கதிதான் இது.

எவ்வளவு சூடு? கணக்குக்காக 1000 துளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் 1 நானோ ஃபாரட் மின்தேக்கி, 30 வோல்ட், விநாடிக்கு 10,000 தடவை. பெருக்கிப் பார்த்தால் 9 வாட் வருகிறது. வீட்டு எல்.இ.டி. பல்பு ஒன்று எரிகிற அளவு! அத்தனையும் கட்டைவிரல் அளவுள்ள சில டிரான்சிஸ்டர்களில் வெப்பமாக இறங்கினால் என்ன ஆகும்? சூடு மைக்குப் பரவினால் மை இளகிவிடும். துளி பெரிதாகி, படத்தின் நிறமே மாறிப் போகும். அதனால் அலுமினியத் தகடும் காற்றாடியும் வைக்க வேண்டியிருக்கிறது. காற்றாடிக்கும் மின்சாரம்!

இதற்குப் பொறியாளர்கள் சொன்ன யோசனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது படிக்கட்டு யோசனை. நம் வீட்டில் 10, 20, 30 அடி உயரங்களிலும் ஒவ்வொரு தொட்டி வையுங்கள். முதல் 10 அடியை 10 அடித் தொட்டியிலிருந்து நிரப்புங்கள். அடுத்த 10 அடியை 20 அடித் தொட்டியிலிருந்து. இப்படியே மேலே போங்கள். எந்தத் தண்ணீரும் 10 அடிக்கு மேல் விழாது. காலி செய்யும்போதும் சாக்கடையில் விடாமல், முதலில் 30 அடித் தொட்டிக்கு, பிறகு 20, பிறகு 10 என்று திருப்பி விடுங்கள். நடுத் தொட்டிகள் மூன்றும் கொடுத்ததை அப்படியே திரும்பப் பெற்றுவிடும்! மொட்டை மாடித் தொட்டி 10 அடித் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதும். செலவு நாலில் ஒரு பங்கு. மின்சுற்றில் தொட்டிகளுக்குப் பதில் பெரிய மின்தேக்கிகள். நம் 9 வாட், 2.25 வாட் ஆகிவிடும்.

நூறு படி வைத்தால் நூறில் ஒரு பங்கா? ஆசைதான்! ஒவ்வொரு படிக்கும் ஒரு சுவிட்ச் வேண்டும். அதைத் திறந்து மூடவும் மின்சாரம் வேண்டும். அதனால் ஓரளவுக்கு மேல் படி சேர்த்தால் லாபமில்லை. நாலு படியிலும்கூட, கணக்கில் வந்த லாபம் முழுசாகக் கைக்கு வராது.

இன்னொரு வழியும் உண்டு. டிரான்சிஸ்டரைப் பாதி திறக்கவே கூடாது; முழுக்கத் திற, முழுக்க மூடு. விநாடிக்குப் பல லட்சம் முறை இப்படிச் செய்து, நடுவில் ஒரு கம்பிச்சுருளை வைத்தால், விட்டுவிட்டு வரும் மின்சாரத்தைச் சுருள் சமன்செய்து சீராக்கிவிடும். முழுக்கத் திறந்த திருகும் சூடாகாது, மூடிய திருகும் சூடாகாது!

சரி, இப்போது ஒரு கேள்வி. நாலே வரி உள்ள விடுமுறை விண்ணப்பம், பக்கம் முழுக்க வண்ணத்தில் ஒரு மயில் படம். எதை அச்சடிக்கும்போது மின்சுற்று அதிகம் சூடாகும்? மயில் படத்துக்குத்தான். வெள்ளையாக விட வேண்டிய இடத்தில் துளைகள் துப்புவதில்லை; நிரப்பவும் கவிழ்க்கவும் அங்கே குடமும் இல்லை.