பாட்டு கேட்க வந்தவர்கள்

1958இல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தபோது கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அரசு மிகச் சிறிய பெரும்பான்மையில் நின்றுகொண்டிருந்தது. தொகுதியில் தமிழ் பேசும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் ஏராளம். நாளெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்களுக்கு மேடைப் பேச்சு எவ்வளவு ஏறும்? கம்யூனிஸ்ட் கட்சி பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராஜனை வரவழைத்தது. தெரிந்த மெட்டில் கட்சியின் சேதியை ஏற்றிப் பாடுவதில் அவர் கெட்டிக்காரர். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலருக்குப் பெரும் பங்குண்டு என்று கட்சிக்காரர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாவலரின் தம்பி 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இளையராஜா ஆனார். தம்பியின் பாட்டு இன்று எந்தத் தேநீர்க் கடையிலும் ஒலிக்கும். அண்ணனின் பாட்டோ பெரும்பாலும் கேட்டவர்கள் நினைவில் தங்கியதோடு சரி. கேட்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் அந்த இரவில் இருந்திருக்க வேண்டும்.

இருந்தவர்கள் யார்? எண்பதுகளின் கலை இரவுகளை எடுத்துக்கொள்வோம். 1975இல் மதுரையில் பிறந்த தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோனது. நடுத்தெருவில் மேடை. கூட்டம் தார்ச் சாலையிலேயே துண்டை விரித்து உட்கார்ந்துகொள்ளும். கரிசல் குயில் கிருஷ்ணசாமியின் குரல், பறை, வீதி நாடகம் என்று விடிய விடிய நடக்கும். நடுநடுவே பேச்சும் உண்டு. சில பேச்சுகள் கொட்டாவி வரவழைத்தன, அதை மறைப்பானேன். எல்ஐசி ஊழியர், தபால்காரர், பள்ளி ஆசிரியர், வங்கிக் குமாஸ்தா, அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், சுக்குக் காபி விற்க வந்து பாட்டில் லயித்து நின்றுவிட்டவர் என்று ஒரு கலவை. நள்ளிரவில் தோழர்கள் துண்டேந்தி வருவார்கள், இருந்த சில்லறை அதில் விழும். வீடு திரும்புகிறவர் கையில் ஒரு ‘செம்மலர்’ இதழோ கேசட்டோ இருக்கும். அடுத்த வாரத் தர்ணாவுக்கு வருவதாக வாக்கும் கொடுத்திருப்பார். தப்பிக்க வழியில்லை. கூப்பிட்டவர் அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரர்.

இதை வைத்து அன்றே எல்லாம் சரியாக இருந்தது என்று முடிவுகட்ட மாட்டேன். வர்க்கத்தைத் தாராளமாகப் பாடிய மேடைகள் சாதி என்று வரும்போது சற்றுக் குரலைத் தாழ்த்தியதுண்டு. இன்குலாப் எழுதி கே.ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ அந்தத் தயக்கத்தின் முகத்தில் அறைந்தது. அந்தப் பாட்டை அறிந்தவர்கள் பல்லாயிரம் பேர். எழுதியது யார், மெட்டமைத்தது யார் என்றால் அவர்களில் பலர் விழிப்பார்கள். பாட்டு இயக்கத்தின் பொதுச்சொத்து என்ற எண்ணம் பெருந்தன்மையானதுதான். அந்தப் பெருந்தன்மைக்குக் கைக்காசு போட்டவர்கள் கலைஞர்கள்.

பாட்டு கட்சி மேடையைத் தாண்டிய மாற்றம் எப்போது தொடங்கியது என்று கேட்டால் 2015 என்பேன். அந்த ஜூலையில் சோஃபியா அஷ்ரஃப், கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் பாட்டை யூடியூபில் விட்டார். மெட்டு நிக்கி மினாஜுடையது. (பாவலர் கேட்டிருந்தால் தன் ஆள் என்று சொல்லியிருப்பார்.) உலகெங்கும் பேச்சானது. 2016 மார்ச்சில் ஆலையை நடத்திய இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த போராட்டத்தின் பலன் அது, பாட்டின் பங்கு கடைசி உந்துதல்.

2015 அக்டோபரில் திருச்சியில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. டாஸ்மாக்கை மூடச் சொல்லிப் பாடியதற்குத் தேசத் துரோகச் சட்டப் பிரிவு 124ஏ. காலங்காலமாகத் தெருமுனையில் பாடிவந்தவர் அவர். கைதான பிறகு, தெருமுனைக் கூட்டத்தின் பக்கமே போகாதவர்களின் வாட்ஸ்அப்புக்கும் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது.

அதன் பிறகு 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியது. கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் பறையும் ஒன்றாக வந்தன. பெயர் அயோத்திதாசரின் ‘சாதியற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து பிறந்தது. இடஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டுப் பொருளாயின. கலைஞர்களில் ஒரே பெண் இசைவாணி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்ற இசை விழா தொடங்கியது. சபாக்களின் மாதத்தில் ஒப்பாரிக்கும் கானாவுக்கும் மேடை போட்ட குறும்பு எனக்கு மிகவும் பிடித்தது.

கட்சி கைவிட்டுப் போனதில் பாட்டுக்கு நாக்கு நீண்டது. தேர்தல் கூட்டணிக்காக வரியை மழுக்க வேண்டியதில்லை. ஆனால் கட்சி இருந்த இடம் காலியாக இல்லை, அதில் யூடியூப் போன்ற தளங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் ராப் பாடகர் அறிவு தன் பாட்டி வள்ளியம்மாளின் இலங்கைத் தேயிலைத் தோட்ட வாழ்வைப் பாட்டாக்கினார். தேவிகுளத்தில் தோட்டத்து மக்களைத் தேடிப் பாட்டு போனது என்றால், இங்கே அவர்கள் வீட்டுப் பிள்ளையே எழுதிப் பாடினார். யூடியூபில் நாற்பது கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அந்தப் பாட்டில் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். துண்டில் விழுந்த சில்லறையாவது எங்கே போகிறது என்று போட்டவருக்குத் தெரியும்.

இன்றைய ரசிகரிடம் ஒரு நல்ல குணத்தைப் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் ‘எஞ்சாயி எஞ்சாமி’யைக் கொண்டாடிய ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டைப்படத்தில் அறிவு இல்லை என்றதும், எழுதியவன் எங்கே என்று முதலில் கேட்டவர்களில் சாதாரணக் கேட்பாளர்கள் நிறைய. கலை இரவுத் தலைமுறை கேட்க மறந்த கேள்வி அது. மெட்ரோவில் காதில் இயர்போனோடு நிற்கும் பையனுக்கு வரி யாருடையது, தாளம் யாருடையது, யாருக்குப் பங்கு போகவில்லை என்பதெல்லாம் அத்துப்படி. பக்கத்தில் நிற்பவர் காதிலும் அதே பாட்டு ஓடலாம் என்பதுதான் தெரியாது.

தெரிந்த பையன் ஒருவனிடம் ஊரில் ஒரு கலை இரவு நடக்கிறது, விடிய விடியப் பாட்டு, வருகிறாயா என்றேன். யார் யார் பாடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டான். பிறகு லொகேஷன் அனுப்பச் சொன்னான்.